யாரும் இல்லாத வீட்டில் நடக்கும் பாடம்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. சின்ன வயதில், வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தவுடன் நீங்கள் செய்த முதல் வேலை என்ன?

சிரிக்கிறீர்கள். அப்படியானால் எல்லோரிடமும் பதில் இருக்கிறது. துண்டைத் தலையில் கட்டி, அதையே நீளக் கூந்தலாக நினைத்துக் கண்ணாடி முன் ஆடியவர்கள் இங்கே இருப்பீர்கள். சர்க்கரை டப்பாவில் கை வைத்துவிட்டு, தெரியாமலிருக்க மேற்பரப்பைக் கரண்டியால் சமமாக்கி வைத்தவர்கள் இருப்பீர்கள். டப்பா சரியாகத்தான் இருந்திருக்கும். காட்டிக்கொடுத்தது கன்னத்தில் ஏறிய எறும்பு.

கல்வராயன் மலையில் பல ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தேன். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காகவும், நீண்ட நாள் வராத பிள்ளைகளைத் தேடியும் வீடு வீடாகப் போவது வழக்கம். உங்களுக்கும் பழக்கமான வேலைதான். அங்கே பகலில் பெரியவர்கள் சாமைக் காட்டுக்கோ மரவள்ளிக் காட்டுக்கோ போயிருப்பார்கள். கதவு திறந்தே கிடக்கும். நாம் போவது உள்ளே இருக்கும் குழந்தைக்குத் தெரியாது. அப்படிச் சில முறை வாசலில் நின்று நான் கேட்டவற்றைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

ஒரு வீட்டில் மூன்றாம் வகுப்புப் பையன். நீளப் பலகையைப் பேருந்தாக்கியிருந்தான். பேனா மூடிதான் விசில். "கச்சிராயபாளையம், கோமுகி டேம், வெள்ளிமலை எல்லாம் ஏறு, ஏறு!" என்று கத்துகிறான். வளைவு வரும்போதெல்லாம் உடம்பை ஒரு பக்கம் சாய்க்கிறான். பயணிகள் இரண்டு பேர், ஒரு கோழியும் ஒரு சேவலும். கோழியிடம் வந்தான். "ஆயா, உனக்கு டிக்கெட் ஃப்ரீ. பொம்பளைங்களுக்குக் காசு இல்ல. உக்காரு." சேவலிடம் திரும்பினான். "யோவ், நீ எடு. பதிமூணு ரூவா. இருபது குடுத்தியா? இந்தா ஏழு. சில்லறையைப் பாத்து வாங்கிக்க. அப்புறம் வந்து சண்ட போடக் கூடாது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அந்த 'இந்தா ஏழு' என்ற சொல் என்னை நிறுத்தியது. அதே வாரத்தில் அவனுடைய கணக்கு நோட்டில் 20-லிருந்து 13-ஐக் கழித்து 13 என்று எழுதியிருந்தான். எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். பூஜ்ஜியத்திலிருந்து மூன்று போகாது, அதனால் மூன்றையே இறக்கி வைத்துவிட்டான். நோட்டில் தெரியாத கழித்தல், சேவலிடம் தெரிந்திருக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 1985-இல் டெரெசினா நூனெஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள், பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் கணக்குக் கேட்டார்கள். வியாபாரம் நடக்கும் இடத்தில், வாங்குபவர்போல நின்று கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே கணக்குகளை வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது சுமார் 74 சரி. வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது சுமார் 37 மட்டுமே சரி. பிள்ளைகளும் அவர்கள்தாம், எண்களும் அவைதாம். மாறியது கேட்ட விதம்.

அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பையனைக் கண்டக்டர் ஆக்கினேன். இருபது பிள்ளைகளுக்கும் அவன் மீதிச் சில்லறை கொடுத்தான். கொடுத்த ஒவ்வொரு சில்லறையையும் கரும்பலகையில் கழித்தலாக எழுத வைத்தேன். பத்தாவது பயணி இறங்குவதற்குள், 'கடன் வாங்குதல்' என்றால் பத்து ரூபாய்த் தாளைச் சில்லறையாக மாற்றுவது என்று அவனே எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான்.

இன்னொரு வீடு. ஒரு சிறுமி ஏழெட்டு மரவள்ளிக் கிழங்குகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு கிழங்குக்கு மட்டும் அடி மேல் அடி. "ஏன் நேத்து வரல? ஆயாவுக்கு ஒடம்பு சரியில்லயா? எத்தன ஆயா உனக்கு?" என்று கேட்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கிழங்கையே எடுத்து மடியில் வைத்து, "சரி, அழாத. மதியத்துக்கு முட்ட உண்டு" என்று தடவிக் கொடுத்தாள். நாம் எப்படிப் பாடம் நடத்துகிறோம் என்பதற்கு இதைவிட நேர்மையான ஆய்வு அறிக்கை எந்த அலுவலகத்திலிருந்தும் வராது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த குழந்தைக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்பு. பள்ளியில் ஒரு சொல் பேச மாட்டாள். பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். ஒரு பருவம் முழுக்க இப்படியே போனது. 'பேச்சு வராத பிள்ளை' என்று பதிவேட்டில் எழுதிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. எழுதுவதற்கு முன் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன்.

வாசலில் நின்றேன். உள்ளே கணீரென்று ஒரு குரல். சோப்பு டப்பாவைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை பேசிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். "யப்பா, சாப்ட்டியா? மழ பேயுதா அங்க? இங்க ஆடு குட்டி போட்டுது. ரெண்டு. ஒண்ணுக்கு உன் பேரு வச்சிட்டேன், அது ரொம்ப சேட்ட. பணம் அனுப்புனா மட்டும் போதுமா? நீ எப்ப வர?" கடைசி இரண்டு கேள்விகளும் அவள் அம்மாவின் குரல். அப்படியே இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். பிறகு டப்பாவைக் காதில் வைத்தபடியே, பதில் கேட்பவள்போலக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

பேச்சு வராத பிள்ளையா இவள்? முழு வாக்கியம், கேள்வி, கிண்டல், குரல் மாற்றம் எல்லாம் இருக்கின்றன. பள்ளிக்கு வரும் வழியில்தான் அவை எங்கேயோ நின்றுவிடுகின்றன.

குழந்தை தனக்குத் தானே பேசுவதை உளவியலாளர்கள் நெடுநாள் ஆராய்ந்திருக்கிறார்கள். பியாஜே 1923-இல் வெளியிட்ட நூலில், பிறர் நிலையிலிருந்து பார்க்கத் தெரியாத வயதின் அடையாளமாக இதைக் கருதினார். ரஷ்யாவின் வைகாட்ஸ்கி மறுத்தார். குழந்தை தன் செயலை வழிநடத்திக்கொள்ளவே இப்படிப் பேசுகிறது, வேலை கடினமாகும்போது இந்தப் பேச்சு கூடுகிறது, வளர வளர அதுவே உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார். ரூத் வெயர் என்ற மொழியியலாளர், தன் இரண்டரை வயது மகன் தூங்குமுன் தனியாகப் பேசியதைப் பதிவு செய்து 1962-இல் நூலாக்கினார். கேட்க ஆளே இல்லாத அறையில் அந்தக் குழந்தை சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு, தன் உச்சரிப்பைத் தானே திருத்திக்கொண்டிருந்தது.

நம் முன்னோர் இதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று விளையாட்டுக்கே தனித்தனிப் பருவம் ஒதுக்கினார்கள்.

ஆகவே, ஒன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போடும்போது முணுமுணுத்தால், 'வாயை மூடு' என்று சொல்ல வேண்டாம். அந்த முணுமுணுப்புத்தான் அதன் வழிகாட்டி.

அந்தச் சிறுமிக்கு நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. வகுப்பின் மூலையில் ஒரு பழைய சோப்பு டப்பாவை வைத்தேன். யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் 'போன்' பேசலாம், மற்றவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதே விதி. மூன்றாவது வாரம் அவள் எடுத்தாள். முதலில் ஆட்டுக்குட்டியிடம் பேசினாள். பிறகு பக்கத்துப் பிள்ளையிடம். அரையாண்டு விடுமுறைக்குப் பின் என்னிடம். பதிவேட்டில் அந்தச் சொல் ஏறவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் டப்பா போதாது. வீட்டில் நன்றாகப் பேசும் குழந்தை, பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் கடந்த பிறகும் தொடர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் பேசாமலே இருந்தால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பேசு, பேசு என்று வற்புறுத்தாதீர்கள்.

தனியாக இருக்கும் குழந்தையைப் பற்றிச் சிரித்துப் பேசும்போது பயமும் கூடவே வர வேண்டும். சோறாக்கி விளையாடும் பிள்ளை நிஜமான தீப்பெட்டியை எடுக்கலாம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், காட்டிலிருந்து கொண்டுவந்த மருந்து டப்பா, மூடாத கிணறு எல்லாம் நம் ஊர்களில் உண்டு. மரவள்ளிக் கிழங்கில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. கசப்பு ரகங்களில் அது அதிகம். அதைப் பச்சையாகக் கடித்துத் தின்றால் நஞ்சாகும். விளையாட்டுச் சமையல் செய்யும் பிள்ளைக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறோமா?

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களே, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவிகளின் வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். கிழங்கு பிடுங்கும் காலத்திலும், பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போகும் காலத்திலும் யார் வரவில்லை என்று பாருங்கள். தம்பி தங்கை தனியாக இருக்கக் கூடாது என்பதற்காகவே அக்கா பள்ளியை விடுகிறாள். அங்கன்வாடியில் சின்னதைச் சேர்த்துவிட்டால் பெரியவள் பள்ளிக்கு வந்துவிடுவாள். இரண்டு பதிவேடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு மாலை போதும்.

கடைசியாக, நாளைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை. திங்கட்கிழமை காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். "வீட்ல யாரும் இல்லன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சர்க்கரைக் கதைகளைப் பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள். கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் செய்ததை நம்மை நம்பிச் சொல்கிறார்கள். சொல்வதை நோட்டில் எழுத வைத்தால் மொழிப்பாடம். சில்லறை, எண்ணிக்கை இருந்தால் கணக்கு. தீ, கிணறு, மருந்து என்று காதில் விழுந்தால், அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசுங்கள், அன்று மாலையே வீட்டுக்குப் போங்கள். ஆபத்தில் ஓட வேண்டிய பக்கத்து வீடு எது, 1098 என்ற எண் எதற்கு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பதில்கள் வந்ததும் உங்கள் மாணவர் பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள். 'மந்தம்', 'பேச மாட்டான்', 'கணக்கு வராது' என்று மனத்துக்குள் எழுதி வைத்த பெயர்களில் எத்தனையை அழிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணி, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். அதைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.