சுத்தியல் யார் கையில்?

(கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பி.எட். படிக்கிறவங்க மனப்பாடம் பண்ணுகிற பாடம் நடத்தைக் கோட்பாடு. தூண்டல், துலங்கல், வலுவூட்டல் என்று பரிட்சையில் எழுதிவிட்டு மறந்துபோகிறோம். ஆனால் அதில் நமக்கு வேலை இருக்கிறது.

1913 பிப்ரவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சன் பேசினார். மனசுக்குள்ளே தேடாதீர்கள், கண்ணுக்குத் தெரிகிற நடத்தையைப் பாருங்கள் என்றார். திறமையும் குணமும் பிறப்பில் வருவதில்லை, வளர்ப்பில் வருவது என்று பிற்பாடு வாதாடினார். அதே 1913 ஜூலையில் அதே பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார் அம்பேத்கர். பிறப்புதான் எல்லாம் என்று சொல்கிற சமூகத்திலிருந்து போனவர்.

1920இல் வாட்சனும் ரோசலி ரெய்னரும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஆல்பர்ட் என்று குறிப்பிடப்பட்ட கைக்குழந்தைக்கு வெள்ளை எலியிடம் பயமே இல்லை. அது எலியைத் தொடப்போகும்போது பின்னாலிருந்து இரும்புத் தண்டில் சுத்தியலால் அடித்தார்கள். கொஞ்ச நாளில், சத்தமே இல்லாதபோதும் எலியைக் கண்டு அழுதது. முயலைக் கண்டும் அழுதது. பயத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் அதைப் போக்காமலே விட்டுவிட்டார்கள்.

நம்ம பள்ளிக்கூடத்திலும் சுத்தியல் உண்டு. சிறுவன் அம்பேத்கர் கோணிச்சாக்கில் தனியாக உட்கார்ந்தார். பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணி. பியூன் வராவிட்டால் தாகம்தான்.

2004இல் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். உத்தரப்பிரதேசக் கிராமத்துப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கிற புதிர் கொடுத்தார்கள். விடுவிக்கிற புதிருக்குக் காசு. சாதியைச் சொல்லாதபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் சமமாகவே போட்டார்கள். பெயரோடு சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்தபோது தலித் பையன்கள் பின்தங்கினார்கள். மூளை அதேதான், காசும் அதேதான். நடுவில் விழுந்தது சுத்தியல் அடி.

ஸ்காலர்ஷிப் பாரம் கொடுக்கும்போது “எஸ்.சி. பசங்க எழுந்திருங்க” என்கிற வாத்தியார் அந்தச் சுத்தியலைத்தான் பிடித்திருக்கிறார். பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுத்துப் பிரயோஜனமில்லை. முதலில் அந்த வாய் மூட வேண்டும். நடத்தைவாதம் எலியை, நாயை, குழந்தையை உற்றுப் பார்த்தது. சுத்தியல் பிடித்தவனை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை நம்முடையது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தண்டனை கிடைத்த நடத்தை குறையும் என்கிறது பாடம். 1927 மார்ச் 20 அன்று மகத்தில் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தவர்களுக்கு அன்றைக்கே அடி விழுந்தது. பாடத்தின்படி அவர்கள் அடங்கியிருக்க வேண்டும். டிசம்பரில் மறுபடி அதே மகத்தில் கூடினார்கள், மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள்.

எலி தனியாக இருந்தது, ஆல்பர்ட் தனியாக இருந்தான். மகத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பயம் கற்றுக்கொடுக்கப்பட்டது என்றால் அதை மறக்கவும் கற்கலாம். ஆனால் அதைத் தனியாகக் கற்க முடியாது. சங்கம் எதற்கு என்று கேட்கிற மாணவத் தோழர்களுக்கு என் பதில் இதுதான்.