ஈழநாடு தரும் பாடம்

(உரும்பிராயில் இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்திரிகை என்பது நேற்று நடந்ததை இன்று அறிவிக்கும் தாள் மட்டுமன்று. ஓர் ஊர் தன் குறையைத் தானே எடுத்துரைக்கும் வாயும் அதுவே. தலைநகரப் பத்திரிகைக்கு உரும்பிராயில் பெய்த மழை ஒரு செய்தியன்று. நமக்கோ, வெங்காயப் பயிரை அழுகச் செய்யும் மழையைவிடப் பெரிய செய்தி வேறில்லை. இவ்வுண்மையை உணர்ந்து தோன்றிய நாளேடு ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணத்துக்குப் பத்திரிகை புதிதன்று. 1841இல் அமெரிக்க மிஷனரிமார் உதயதாரகையைத் தொடக்கினர். 1889இல் சைவ பரிபாலன சபையார் இந்து சாதனத்தை வெளியிட்டனர். நமக்கு அயலிலுள்ள சுன்னாகத்தில் நா. பொன்னையா அவர்கள் 1930இல் தொடக்கிய ஈழகேசரி, 1958 வரை நடைபெற்று எழுத்தாளர் பலரை வளர்த்தது. ஆயினும் நாளேட்டுக்கு நாம் கொழும்பையே பார்த்திருந்தோம். வீரகேசரியும் தினகரனும் புகைவண்டியேறி வந்தே நம் கைக்கு எட்டின.

இக்குறையைத் தீர்க்க எழுந்தது ஈழநாடு. கே. சி. தங்கராசா அவர்களும் அவர் சகோதரர் டாக்டர் சண்முகரத்தினம் அவர்களும் 1959இல் அதனைத் தொடக்கினர். 1961இல் அது நாளேடாயிற்று. ஈழகேசரியில் பயின்ற இராஜ அரியரத்தினம் அவர்கள் ஆசிரியரானார். பிற்காலத்தில், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த ந. சபாரத்தினம் அவர்களும் அப்பொறுப்பை வகித்தார். தலைநகரைச் சாராமலே ஒரு தமிழ் நாளேடு நடைபெறலாம் என்பதை ஈழநாடு நாட்டுக்குக் காட்டிற்று.

1981 மே இறுதியில் மூண்ட அழிவை நீங்கள் அறிவீர்கள். சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஈழநாடு காரியாலயமும் அச்சகமும் அந்நாட்களிலேயே தீக்கிரையாயின. ஆனால் பத்திரிகை அதனோடு மடியவில்லை. மீண்டும் எழுந்து சில ஆண்டுகள் நடந்தது.

பிறநாட்டார் செய்தியையும் ஒருகணம் நோக்குவோம். யப்பானில் பெரும் புகழ்பெற்ற அசாஹி என்னும் நாளேடு 1879இல் பிறந்தது தலைநகராகிய தோக்கியோவில் அன்று. வணிக நகரமாகிய ஒசாக்காவிலேயாம். அந்நாட்டில் சிறு நகரங்களுக்கும் தனி நாளேடுகள் உண்டு. 2011 மார்ச்சு மாதம் கடல் பொங்கி இஷினோமாகி நகரை அழித்தபோது, அவ்வூர்ப் பத்திரிகையின் அச்சியந்திரம் நீரில் மூழ்கிற்று. பத்திரிகையாளர் மனந்தளரவில்லை. பெருந்தாள்களில் கையாலே செய்தி எழுதி, மக்கள் தங்கியிருந்த இடங்களில் ஆறு நாட்கள் ஒட்டினர். உணவு எங்கே, தண்ணீர் எங்கே என்று அம்மக்கள் அறிந்தது அச்சுவர்ப் பத்திரிகையாலன்றோ!

அத்தகைய உறுதி நம்மிடத்தும் இருந்தது. 1985இல் தொடங்கிய உதயன், போர்க்காலத்தில் காகிதத்துக்குத் தடையிருந்தபோதும் கிடைத்த தாளில் அச்சாகி வெளிவந்தது. 2006 மே 2ஆம் திகதி அதன் காரியாலயத்துள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். அதன் பின்னரும் பத்திரிகை நிற்கவில்லை.

இன்று தடை வேறுவிதமானது. கைத்தொலைபேசியில் செய்தி நொடியில் வருகிறது. பொய்யும் அதே நொடியில் வருகிறது. சொன்னவர் யார், பிழையானால் திருத்துபவர் யார் என்று கேட்க இடமில்லை. பத்திரிகைக்கோ பெயருண்டு, முகவரியுண்டு. பொறுப்புக் கூற ஆசிரியருண்டு. அதுவே அதன் இன்றைய பயன். உதயன், வலம்புரி முதலிய ஏடுகள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவருகின்றன. அவற்றில் மரண அறிவித்தலை மாத்திரம் பார்த்து மடித்துவைப்பது போதுமா? நம் கிணற்று நீர் பற்றி, பாடசாலை பற்றி, ஒழுங்கை பற்றி அவற்றுக்கு எழுதுவோர் நம்முள் எத்தனை பேர்?

இளைஞர்களே! இரு பணிகளை உங்களிடம் ஒப்படைக்கின்றோம். நம்மூர்ச் செய்தியை ஆராய்ந்து, பெயரொப்பமிட்டுப் பத்திரிகைக்கு எழுதுங்கள். வீட்டுப் பெட்டகத்தில் பழைய ஏடு கிடந்தால், கடைக்காரர் சரை சுற்றக் கொடுத்துவிடாதீர்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தார் அத்தகைய தாள்களைப் படம்பிடித்து உலகெங்குமுள்ள தமிழர் வாசிக்க வைத்துள்ளனர். நூலகத்தில் எரிந்துபோன ஏட்டின் மறு பிரதி, உங்கள் பாட்டனாரின் பெட்டகத்தில் இருத்தல் கூடும். அதைத் தேடுங்கள், காப்பாற்றுங்கள்.