‘டூ தி நீட்ஃபுல்’ என்று எழுதலாமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பில் ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். பெற்றோர் சங்கத்தில் இருப்பவர்கள் அதைவிட அதிகம். பிரிட்டிஷ் கவுன்சில் ‘கனெக்டிங் கிளாஸ்ரூம்ஸ்’ என்ற திட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்தி, பிரிட்டன் பள்ளிகளை நம் நாட்டுப் பள்ளிகளோடும் இணைத்தது. இன்று பள்ளிகள் தாமாகவே வெளிநாட்டில் கூட்டாளி தேடுகின்றன. பிள்ளைகள் வீடியோவில் பேசிக்கொள்வதற்கு முன்னால் பெரியவர்களின் மின்னஞ்சல் பத்தாவது போய்வர வேண்டும். அங்கேதான் சிக்குகிறது.

தவறாமல் வரும் வரி ஒன்று: ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட்.’ இது தப்பு ஆங்கிலமா? ‘டூ தி நீட்ஃபுல்’ ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்களே எழுதியதுதான். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் வைத்துக்கொண்டோம். பர்மாத் தேக்கு நம் ஊர் வீடுகளில் இன்னும் தூணாக நிற்கிறதே, அதுபோல. ‘ப்ரீபோன்’ நம் நாட்டில் புழங்கிய சொல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சேர்த்துக்கொண்டது. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் புரிய வேண்டுமே! ‘ரிவர்ட்’ என்றால் நமக்குப் பதில் போடுவது, அவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது. ‘பாஸ்டு அவுட் இன் 2019’ என்றால், பாவம், அந்த மாணவர் அந்த வருடம் மயங்கி விழுந்தார் என்று ஆகிவிடும்.

‘கைண்ட்லி’யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் ‘அனுப்புங்கள்’ என்றாலே மரியாதை அந்த ‘ங்கள்’ளில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அப்படி ஒரு வால் கிடையாது. அந்தக் குறையை நிரப்பத்தான் நாம் ‘கைண்ட்லி’ போடுகிறோம். படிக்கும் இங்கிலாந்து ஆசிரியைக்கோ அது பொறுமை இழந்த அதிகாரியின் குரலாகக் கேட்கலாம். கேள்வியாக மாற்றிவிடுங்கள், மரியாதை தானாக வந்துவிடும்: ‘குட் யூ சென்ட் அஸ் தி லிஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் பை 12 ஜூன்?’ எது வேண்டும், எப்போது வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ‘நீட்ஃபுல்’ என்ற சொல்லில் அது எங்கே இருக்கிறது?

பெயர் இன்னொரு வம்பு. நம் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசியில் போட்டால், அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு டீச்சரை ‘மிஸ் சுப்பிரமணியன்’ என்று அழைப்பார்கள். எப்படி அழைக்க வேண்டும் என்று முதல் அஞ்சலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். ‘ப்ளஸ் டூ’ என்பதோடு மாணவர் வயதையும் சேருங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். நேரமும் அப்படித்தான்: நமக்கு மாலை 4 மணி என்றால் இங்கிலாந்தில் கோடையில் காலை 11.30, குளிர்காலத்தில் 10.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைப்பார்கள். நவம்பர் முதல் வாரத்தில் யாருமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டு நம் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

இப்போது எல்லோரும் ஏஐயிடம் கொடுத்து மெருகேற்றுகிறார்கள். செய்யுங்கள். ஆனால் மெருகேறியதைத் திரும்பப் படிக்காமல் அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், வரப்போகும் எட்டு மாணவர்களை ‘வீடுகளில் தங்கவைக்க முயல்கிறோம்’ என்றுதான் தலைமையாசிரியை எழுதினார். மெருகேறி வந்த அஞ்சலில் ‘எங்கள் குடும்பங்கள் வரவேற்கக் காத்திருக்கின்றன’ என்று இருந்தது. இலக்கணம் பழுதில்லை. அங்கே விமான டிக்கெட் எடுத்துவிட்டார்கள். இங்கே ஒரு குடும்பத்திடமும் இன்னும் கேட்கவில்லை. கடைசியில் தலைமையாசிரியை வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று. ‘முயல்கிறோம்’, ‘அனுமதி கிடைத்தால்’, ‘செலவு பெற்றோருடையது’ மாதிரியான சொற்கள் கேட்க அழகில்லைதான். அவற்றில்தான் பள்ளியின் வாக்கு இருக்கிறது. மெருகேற்றுமுன் அவற்றின் கீழே கோடு போடுங்கள்; பிறகு அவை இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் காலை 10 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். பாதி எழுதிய அஞ்சல் ஏதாவது இருந்தால் அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். மாணவர் பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள். சேர்ந்து உட்கார்ந்து திருத்தலாம்.