டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்



கொல்கத்தா நகரத்துக்கு வடகிழக்கே நியூ டவுன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய ஊர் அல்ல. வயலும் குட்டையுமாகக் கிடந்த இடம். 1990-களின் கடைசியில் மேற்கு வங்க அரசு அங்கே புது நகரம் கட்டத் தொடங்கியது. இன்று அகலமான சாலைகளும் அடுக்கு மாடி வீடுகளுமாக இருக்கிறது.

அந்த ஊரில் இரண்டு பெரிய புற்றுநோய் மருத்துவமனைகள் உள்ளன. ஒன்று டாடா மருத்துவ மையம். அதை 2011-ல் திறந்தார்கள். இன்னொன்று சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் இரண்டாவது வளாகம். அது 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதில் 460 படுக்கைகள்.

எங்கோ இருக்கும் நியூ டவுனைப் பற்றி நமக்கு என்ன என்று கேட்பீர்கள். வேலூர்க்காரர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வங்காளத்திலிருந்து நோயாளிகள் பல ஆண்டுகளாக வேலூருக்கு வருகிறார்கள். ஹவுராவில் ரயில் ஏறி, ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து, காட்பாடியில் இறங்குவார்கள். மருத்துவமனைத் தெருவில் விடுதிப் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கும். கடைக்காரர்களும் வங்காளம் பேசுவார்கள். “கொத்தாய் பேத்தா?” என்றால் “எங்கே வலிக்கிறது?” என்று பொருள். இப்படி ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்குப் பக்கத்திலேயே சிகிச்சை கிடைக்கட்டும் என்றுதான் நியூ டவுனில் மருத்துவமனைகள் வந்தன.

சரி. சுந்தரவனத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாயில் ஆறாத புண். பல வருடமாகப் புகையிலை போட்டவர். மகன் கூட வருகிறான். அந்த அம்மா அங்கே யார் யாரைப் பார்க்கிறார்?

முதலில் ஒருவர் ரத்தம் எடுக்கிறார். எடுத்த உடனே குழாயில் பெயர்ச் சீட்டு ஒட்டுகிறார். பெயர் மாறினால் ஒருவருடைய நோய் இன்னொருவர் தாளில் ஏறிவிடும். அடுத்து, டாக்டர் புண்ணிலிருந்து ஒரு துளி சதையை வெட்டி அனுப்புகிறார். ஆய்வுக்கூடத்தில் ஒருவர் அதை மெழுகில் பதித்துச் சீவுகிறார். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. அவ்வளவு மெல்லிசு. அதற்குச் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் வைக்கிறார். அந்தச் சீவல் கிழிந்திருந்தால் எவ்வளவு கெட்டிக்கார டாக்டராலும் சரியாகப் பார்க்க முடியாது.

பிறகு ஸ்கேன் அறை. “மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள்” என்று ஒரு குரல். அது ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பர்.

அறுவை சிகிச்சை நடக்கிறது. மயக்க மருந்து இயந்திரத்தை முன்பே சோதித்து வைத்தவர் ஒருவர். கத்தி, கத்தரிக்கோல்களை 121 டிகிரி நீராவியில் கால் மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கியவர் இன்னொருவர். இவர்களை அந்த அம்மா பார்த்திருக்கவே மாட்டார்.

பிறகு கதிர்வீச்சு. ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போடுகிறார்கள். அது துணி போல இளகுகிறது. அதை அம்மாவின் முகத்தில் வைத்து அழுத்துகிறார்கள். சில நிமிடத்தில் அவருடைய முகத்தைப் போலவே இறுகிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த முகமூடியைப் போட்டால்தான் தலை அசையாது. கதிர் நோய் உள்ள இடத்தில் மட்டும் படும். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு ஏழு வாரம். அத்தனை நாளும் அந்த அம்மாவைப் படுக்க வைத்து, பயத்தைப் போக்கி, இயந்திரத்தை இயக்குகிறவர் கதிர்வீச்சுத் தொழில்நுட்பர். எவ்வளவு கதிர் என்று கணக்குப் போட்டவர் மருத்துவ இயற்பியலாளர்.

கடைசியில் சோறு விழுங்க மீண்டும் பழக்கினார் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். கஞ்சியில் என்ன சேர்க்கலாம் என்று சொன்னார் ஓர் உணவியல் நிபுணர். தோளைத் தூக்கப் பழக்கினார் ஓர் இயன்முறை மருத்துவர். பிசியோதெரபி என்கிறோமே, அதுதான்.

டாக்டர்கள் மூன்று நான்கு பேர் இருக்கலாம். மற்றவர்களை எண்ணிப் பாருங்கள்.

இவர்களுடைய படிப்புக்குத் துணை மருத்துவப் படிப்பு என்று பெயர். ‘துணை’ என்றதும் எடுபிடி வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். டாக்டர் சீட்டுக் கிடைக்காதவன் படிப்பது என்றும் பேசுகிறார்கள். இது தவறான பேச்சு. இருட்டில் காட்டு வழியே போகும்போது வழித்துணை தேடுகிறோம். அந்தத் துணை எடுபிடியா?

ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள். கொல்கத்தாவில் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரியில் திறந்து வைத்தவர் ஐரீன் ஜோலியோ கியூரி. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி. 1935-ல் கணவரோடு நோபல் பரிசு பெற்றவர். அவருடைய தாய்தான் ரேடியம் கண்டுபிடித்த மேரி கியூரி.

1914-ல் உலகப் போர் மூண்டது. அந்த ஆண்டில்தான் ஐரீனுக்கு 17 வயது ஆனது. தாயும் மகளும் எக்ஸ்ரே இயந்திரத்தை மோட்டார் வண்டியில் ஏற்றிப் போர்முனைக்குப் போனார்கள். காயம்பட்ட சிப்பாயின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டினார்கள். இரண்டு பேரால் எத்தனை பேருக்குப் படம் எடுக்க முடியும்? ஆகவே பாரிசில் மேரி கியூரி ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். சுமார் 150 பெண்களுக்கு எக்ஸ்ரே எடுக்கக் கற்றுக்கொடுத்தார். மகளும் அங்கே பாடம் சொன்னார். நோபல் பரிசு பிறகுதான். முதலில் ஐரீன் பார்த்தது இந்த எக்ஸ்ரே வேலைதான்.

கதையில் துயரமும் இருக்கிறது. கதிர்வீச்சின் ஆபத்து அந்தக் காலத்தில் சரியாகத் தெரியாது. தாய் 1934-ல் ரத்த நோயால் இறந்தார். மகள் 1956-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஆண்டுக்கணக்கில் கதிரோடு பழகியதே காரணம் என்று கருதுகிறார்கள். இன்று எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவரின் சட்டையில் ஒரு சின்ன வில்லை இருக்கும். அவர் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பிக் கணக்குப் பார்க்கிறார்கள். அடுத்த முறை எக்ஸ்ரே எடுக்கப் போனால் கவனித்துப் பாருங்கள்.

வேலூர்க் கதையும் இப்படித்தான். ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு அங்கே சிகிச்சை தொடங்கினார். அவர் பெண் டாக்டர்களுக்குப் பள்ளி தொடங்கியது 1918-ல். நர்ஸ்களுக்குப் பயிற்சி 1909-ல். எல்லாவற்றுக்கும் முன்னால், 1903-லேயே, கம்பவுண்டர் பயிற்சி தொடங்கிவிட்டார். மருந்து கலந்து கொடுக்க ஆள் இல்லாமல் டாக்டர் என்ன செய்ய முடியும்?

இனி, உங்கள் மகனோ மகளோ இதைப் படிக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? பெரும்பாலான பட்டப் படிப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்குகிறது. பட்டம் தருவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். நியூ டவுன் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பம் என்றால், அங்கே ஜென்பாஸ் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். அந்த வருட விளக்கக் கையேட்டைத்தான் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான் என்று இருந்துவிடக் கூடாது.

2021-ல் மத்திய அரசு இந்தப் படிப்புகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்தது. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் இதில் சேர மாட்டார்கள். அவர்களுக்குத் தனிச் சட்டங்கள் முன்பே உண்டு. புதுச் சட்டம் சொல்லும் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். தொழில்நுட்பர் படிப்பு 2000 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அது இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரந்திருக்க வேண்டும். இயன்முறை மருத்துவர் போன்றவர்களுக்கு 3600 மணி நேரம்.

இப்போது உங்கள் ஊர்ச் சுவரைப் பாருங்கள். “ஆறே மாதத்தில் லேப் டெக்னீஷியன்! வேலை உறுதி!” என்று ஒட்டியிருக்கிறதா? மாதம் 25 நாள் வகுப்பு, ஒரு நாளைக்கு 6 மணி நேரம் என்றே வையுங்கள். ஆறு மாதத்துக்கு 150 நாள். 150-ஐ 6-ஆல் பெருக்குங்கள். 900 மணி நேரம். 2000-த்தில் பாதி கூட இல்லை. தாலியை அடகு வைத்துக் கட்டிய பணம் அந்தச் சுவரொட்டியோடு போய்விடும். பிள்ளையின் கையில் ஒரு மினுமினுப்பான காகிதம் மிஞ்சும்.

நல்ல படிப்பு படித்தால் வேலை உண்டு. தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். சிறுநீரக நோயாளிக்கு ரத்தம் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மையங்கள் சிறிய ஊர்களுக்கும் வந்துவிட்டன. ரத்த வங்கி உண்டு. 108 வண்டியில் நோயாளியோடு உட்கார்ந்து வருகிறாரே, அவரும் இந்தக் குடும்பம்தான். மேலே படித்தால் ஆசிரியராகலாம். வெளிநாடு போகிறவர்கள் அந்த நாட்டு உரிமத் தேர்வு எழுத வேண்டும்.

ஆனால் ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொத்தனார் வாங்கும் கூலியை விடக் குறைவாகத் தரும் சின்ன ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. இரவு வேலையும் உண்டு. இரண்டு மூன்று வருடம் பெரிய மருத்துவமனையில் கை பழகியவருக்குத்தான் நிலைமை மாறும்.

ஆகவே கல்லூரியில் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தரும் என்று கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ரசீது வாங்காமல் பணம் கட்டாதீர்கள். மாணவர்கள் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அந்த மருத்துவமனை வாசலுக்குப் போய் நில்லுங்கள். வெள்ளைக் கோட்டு போட்ட மாணவர்கள் உள்ளே போகிறார்களா என்று பாருங்கள். அவர்களில் ஒருவரை நிறுத்தி, “தம்பி, உங்களுக்கு இங்கே என்ன கற்றுத் தருகிறார்கள்?” என்று கேளுங்கள்.