பருத்தியும் கடல் நிலமும்: பிரேம்சந்த் ராய்சந்த் வாழ்வு தரும் பாடம்



இன்று திருப்பூரில் தொழில் நடத்தும் குடும்பங்களுள் பல, ஓரிரு தலைமுறைக்கு முன் வேற்றூரிலிருந்து இங்கு வந்தவை. பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்தவர், நான்கு தையல் இயந்திரம் வாங்கி, ஜாப் ஒர்க் எடுத்து, பின்னர் ஏற்றுமதியாளராய் உயர்ந்த வரலாறு இவ்வூருக்குப் புதிதன்று. கையில் நாலு காசு சேர்ந்ததும் அவர் வாங்குவது நிலம். அதன்மேல் எழுப்புவது வணிக வளாகம். ஆதலின், பருத்தியால் பொருளீட்டி நிலத்தில் இறங்கிய ஒரு சமணரின் வாழ்வை இவ்வூரில் நினைவுகூர்வது பொருத்தமுடையது. அவர் பம்பாய் பிரேம்சந்த் ராய்சந்த்.

1830களின் தொடக்கத்தில் சூரத்தில் பிறந்தவர் பிரேம்சந்த். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த் பெருஞ்செல்வர் அல்லர். பிழைப்பை நாடிக் குடும்பத்தோடு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தவர். அங்கு ஆங்கிலக் கல்வி பெற்ற மகன், ஒரு பங்குத் தரகரிடம் உதவியாளராய்ச் சேர்ந்தார். ஆங்கிலம் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்ல முதல் இந்தியப் பங்குத் தரகர் என்று அவரைக் குறிப்பிடுவர். வந்தேறிய குடும்பத்தின் மகனுக்குக் கல்வியே முதலீடாயிற்று.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடமாநிலக் கடற்படை தென்மாநிலத் துறைமுகங்களை மறித்தது. அமெரிக்கப் பஞ்சு வரத்துக் குன்றவே, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடின. விலை பன்மடங்கு ஏறியது. பம்பாயில் பணம் பெருகியது. பருத்தி வணிகத்திலும் பங்கு வணிகத்திலும் பிரேம்சந்தின் சொல்லே விலையை நிர்ணயிக்கும் நிலை உருவாயிற்று.

பெருகிய பணம் நிலத்தைத் தேடியது. பம்பாயோ கடல் சூழ்ந்த ஒடுங்கிய ஊர். எனவே, கடலைத் தூர்த்து நிலமாக்கி விற்கும் நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் முதன்மையானது பேக்பே நிறுவனம். அதன் பின்னணியில் நின்றவர்களுள் முதல்வர் பிரேம்சந்த். ரூ. 5,000 செலுத்திய அதன் பங்கு ஒன்று ஏறத்தாழ ரூ. 50,000 வரை விலைபோனது. அப்பங்கை வாங்கியோர் நம்பிய நிலத்தின் பெரும்பகுதி அன்று அலைகளுக்கு அடியிலேயே இருந்தது.

1865 ஏப்ரலில் தென்படை சரணடைந்தது. அமெரிக்கப் பஞ்சு மீண்டும் வரும் என்று தெரிந்த அளவிலேயே விலை சரிந்தது. தவணைப் பேரங்களைத் தீர்க்க வேண்டிய 1865 ஜூலை 1ஆம் நாளில், கொடுக்க வேண்டியவரிடமும் பணமில்லை. வாங்க வேண்டியவரிடமும் பணமில்லை. ரூ. 2,850 வரை ஏறியிருந்த பம்பாய் வங்கியின் பங்கு ரூ. 87க்கு இறங்கியது. 1868இல் அவ்வங்கியே மூடப்பட்டது. போதிய ஈடின்றி அவ்வங்கி வழங்கிய பெருங்கடன்களுள் பிரேம்சந்த் பெற்றவையும் இருந்தன. தம் பணத்தோடு பிறர் பணமும் அழியக் காரணமாயிருந்தார் என்பதை மறைத்து அவரைப் புகழ்வது வாய்மை ஆகாது.

ஆயினும் அவர் வாழ்வு அத்துடன் முடியவில்லை. வீழ்ந்த ஊரிலேயே தங்கி, சிறுகச் சிறுகத் தொழிலை மீட்டார். 1875இல் பம்பாய்ப் பங்குத் தரகர் சங்கம் உருவானபோது அதை நிறுவியவர்களுள் ஒருவராய் நின்றார். அதுவே இன்றைய மும்பைப் பங்குச் சந்தை. 1906இல் அவர் மறைந்தார்.

அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்பவை எவை? பம்பாய்ப் பல்கலைக்கழக நூலகத்திற்கு 1864இல் ரூ. 2 லட்சம் வழங்கினார். அதே ஆண்டில், தம் தாயார் ராஜாபாய் பெயரால் மணிக்கூண்டு எழுப்ப மேலும் ரூ. 2 லட்சம் வழங்கினார். 1878இல் கட்டி முடிக்கப்பட்ட, 280 அடி உயரமுள்ள அக்கோபுரம் இன்றும் நிற்கிறது. கண்பார்வை இழந்த அத்தாயார், கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்பு தவறாதிருக்க, அம்மணியோசையே அவர்க்குப் பொழுதை உணர்த்தியது என்று வழிவழியாகச் சொல்வர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த ரூ. 2 லட்சத்தால் எழுந்த உதவித்தொகையைப் பெற்றோருள் அசுதோஷ் முகர்ஜியும் ஜதுநாத் சர்க்காரும் அடங்குவர். பத்து மடங்கு விலைபோன பங்குப் பத்திரம் வெறுங்காகிதமாயிற்று. அறத்திற்கு ஈந்தது மட்டும் எஞ்சியது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. அந்தப் பேக்பே கடற்பகுதியில் 20ஆம் நூற்றாண்டில் மரைன் டிரைவ் சாலையும் நரிமன் பாயிண்ட் அலுவலகக் கட்டடங்களும் எழுந்தன. நாட்டின் விலைமிக்க வணிக இடங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. ஆகவே, நிலத்தைப் பற்றிய அவர் கணிப்புப் பிழையன்று. கடன்பட்டு விரைந்ததும், போதும் என்னும் கோட்டை வகுக்காததுமே பிழை.

இது பழங்கதை அன்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு இறக்குமதி வரியை 50 விழுக்காடாக்கியபோது, தொலைவில் எடுத்த முடிவு திருப்பூரின் நிட்டிங் தறி வரை எட்டியதை இவ்வவை அறியும். ஆர்டர் நிற்கும் நாளில் வங்கித் தவணை நிற்பதில்லை. கம்பெனியை ஈடுவைத்து நிலம் வாங்கியவர்க்கு அந்நாளில் கம்பெனியும் நிலைப்பதில்லை; நிலமும் நிலைப்பதில்லை; நூறு தொழிலாளர் வீட்டு அடுப்பும் அணைகிறது.

இல்லறத்தார்க்கு நம் ஆன்றோர் வகுத்த ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. அது பொருளீட்டலைத் தடுப்பதன்று. ஈட்டியதில் இவ்வளவே எமக்கு, எஞ்சியது அறத்திற்கு என்று தாமே எல்லை குறிப்பது. அவ்வெல்லையைச் சரிவு வந்தபின் வகுப்பதில் பயனில்லை. ஆர்டர் குவியும் காலத்திலேயே, வீட்டார் அனைவரும் அறிய வகுத்தல் வேண்டும். பிரேம்சந்தின் ஏற்றத்திலும் வீழ்ச்சியிலும் தெளிவாய்த் தெரிவது இதுவே.

அறம் வளர்க. ஜெய் ஜினேந்திரா.