கோட்டக்குப்பமும் முத்தியால்பேட்டையும்: ஆங்கிலத்தை எப்படி அளப்பது?



கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. முத்தியால்பேட்டை புதுச்சேரியில் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு ஊரிலும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். சந்தை, கடல், வேலை எல்லாமே பொது. ஆனாலும் இந்த இரண்டு ஊர்களிலும் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு எழுதும் தேர்வு மட்டும் வேறு வேறு.

முன்பு அப்படி இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. மாகே கேரளத்தின் பாடத்தையும், ஏனாம் ஆந்திரத்தின் பாடத்தையும் படித்தன. தொடக்கப் பள்ளிகள் முதலில் சிபிஎஸ்இக்கு மாறின. 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளும் அதற்கு மாறத் தொடங்கின. இன்று எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 100 மதிப்பெண்ணுக்கு முழுக்க முழுக்க எழுத்துத் தேர்வு. அந்தப் பக்கம் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 மதிப்பெண் பள்ளியே போடும் அகமதிப்பீடு. கேட்பதும் பேசுவதும் அந்த இருபதுக்குள் ஒரு சிறு பங்கு.

இப்போது ஒரு கேள்வி. இங்கே 70 வாங்கிய பிள்ளையும் அங்கே 70 வாங்கிய பிள்ளையும் ஆங்கிலத்தில் சமமா? இரண்டு மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் யாராலும் சொல்ல முடியாது. திண்டிவனம் மண்டியில் மணிலா எடை போட்டாலும் புதுச்சேரிச் சந்தையில் எடை போட்டாலும் ஒரு கிலோ என்றால் ஒரு கிலோதான். பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு பொதுக் கல் நம்மிடம் இல்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

எதற்காக இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் அது சுமார் 72 சதவீதம்தான். இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசல் ஏறியவர்கள் இன்றைய பிள்ளைகள்தான். நகரத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆங்கிலம் வீட்டிலும் கிடைக்கும், கைபேசியிலும் கிடைக்கும். செஞ்சியிலோ மரக்காணத்திலோ கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் கிடைக்கிற ஒரே இடம் வகுப்பறை. அந்த ஒரே இடத்திலும் அவள் எவ்வளவு கற்றாள் என்று சரியாகத் தெரியவில்லை என்றால், அவளுக்கு அடுத்து என்ன சொல்லித்தர வேண்டும் என்பதும் தெரியாமலேயே போய்விடும்.

தமிழ்நாடு 1968 முதல் இருமொழிக் கொள்கையில் உறுதியாக நிற்கிறது. தமிழும் ஆங்கிலமும் போதும் என்று நாம் சொல்கிறோம். இரண்டே மொழி என்று சொல்கிறவர்களுக்கு, அந்த இரண்டையும் முழுமையாகக் கொடுக்க வேண்டிய கடமை அதிகம். நம் பத்தாம் வகுப்புத் தேர்வு என்ன கேட்கிறது? பாடநூலில் உள்ள செய்யுளிலிருந்து கேள்வி, உரைநடையிலிருந்து கேள்வி, இலக்கணம், கடிதம். முந்தைய ஆண்டு வினாத்தாள்களைப் பார்த்து, குறிப்பேட்டை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறலாம். அப்படித் தேர்ச்சி பெற்ற பிள்ளை விழுப்புரம் சந்திப்பில் நின்று ஆங்கில அறிவிப்பைக் கேட்டு, தன் ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று புரிந்துகொள்வானா? மருந்துப் பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாட்டிக்குச் சொல்வானா? கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், பாடம் நடத்துகிறவரிடம் ஆங்கிலத்தில் ஒரு சந்தேகம் கேட்பானா? இவற்றில் எதற்கும் மதிப்பெண் பட்டியலில் விடை கிடையாது. தேர்வில் பேச்சுக்கு இடமில்லை என்றால், வகுப்பிலும் பேச்சுக்கு இடம் கிடைப்பதில்லை. எது தேர்வுக்கு வருகிறதோ அதைத்தான் நடத்துவார்கள். அதில் ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேறு எங்காவது இதற்கு வழி கண்டிருக்கிறார்களா? அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. 2002-இல் வந்த ஒரு சட்டம், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளின் ஆங்கிலத்தை ஆண்டுதோறும் அளக்க வேண்டும் என்றது. நல்ல தேர்வு ஒன்றை உருவாக்குவது சின்ன வேலை இல்லை. கேள்விகளை எழுதி, பல ஆயிரம் பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்து, எது கடினம் எது எளிது என்று கணக்கிட்டு, ஒவ்வோர் ஆண்டும் புதுக் கேள்வி சேர்க்க வேண்டும். சிறிய மாநிலம் ஒன்று தனியாக இந்தச் செலவைத் தாங்காது. அதனால் 2003-இல் விஸ்கான்சின், டெலவேர், ஆர்கன்சா ஆகிய மூன்று மாநிலங்கள் கைகோத்தன. வைடா என்ற கூட்டமைப்பு அப்படிப் பிறந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, இன்று அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் முதலில் வினாத்தாளில் கை வைக்கவில்லை. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்கு திறன்களுக்கும் ஆறு படிநிலைகளை வகுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்பதை எளிய வாக்கியங்களில் எழுதினார்கள். தேர்வு அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு பிள்ளை அந்தக் கூட்டமைப்பில் உள்ள ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோனால், அவள் எந்தப் படியில் இருக்கிறாள் என்பது புதிய ஆசிரியருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். யாரையும் யாரும் வற்புறுத்தவும் இல்லை. கலிபோர்னியாவும் டெக்சாசும் தங்களுக்கெனத் தனித் தேர்வு வைத்திருக்கின்றன. ஓரிகான் முதலிய சில மாநிலங்கள் இன்னொரு கூட்டமைப்பை அமைத்துக்கொண்டன.

ஆனால் அந்த ஏற்பாட்டை அப்படியே தூக்கி வந்து திண்டிவனத்தில் வைக்க முடியாது. அங்கே பிள்ளையைச் சுற்றி நாள் முழுக்க ஆங்கிலம். இங்கே வாரத்தில் சில பாடவேளை மட்டும். அங்கே ஆங்கிலம் மற்றப் பாடங்களுக்கு வாசல். இங்கே பெரும்பாலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்த பின் நிலைமை இன்னும் சிக்கலாகிவிட்டது. ஒரே பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஆங்கிலம் பாடம், பக்கத்து வகுப்புக்குப் பயிற்று மொழி. ஆகவே படிகளை நம் பிள்ளைகளைப் பார்த்து நாம்தான் வகுக்க வேண்டும்.

அதற்கு வேண்டிய அனுபவம் தென்னாட்டில் இருக்கிறது. 1963-இல் தென் மாநிலங்கள் சேர்ந்து பெங்களூரில் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தை அமைத்தன. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகிய பகுதிகளின் ஆசிரியர்களுக்கு இன்றும் அங்கே பயிற்சி நடக்கிறது. நம் மாவட்ட ஆசிரியரும் கேரள ஆசிரியரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தை எப்படிச் சொல்லித்தருவது என்று பேசும் இடம் அது. ஆசிரியர் பயிற்சியில் மாநிலங்கள் சேர முடிந்தது என்றால், பிள்ளைகளின் திறனை அளப்பதில் மட்டும் ஏன் சேர முடியாது?

அந்தப் பெங்களூரை மையமாக வைத்து 1979 முதல் 1984 வரை இன்னொரு பெரிய வேலை நடந்தது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு அதை வழிநடத்தினார். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் சில சாதாரணப் பள்ளிகளில் இலக்கண விதியை முன்னால் வைக்காமல், ஆங்கிலத்தில் ஒரு காரியத்தைச் செய்யவைத்தார்கள். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டி எத்தனை மணிக்குச் சேரும் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்டார்கள். ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதோடும் ஒரு கணக்கைச் செய்து காட்டுவார். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியே செய்வார்கள். விடை சரியா என்பதுதான் கேள்வி, வாக்கியத்தில் பிழை உண்டா என்பது பிறகு. உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் இன்றும் இந்தப் பெங்களூர் முயற்சியைப் படிக்கிறார்கள்.

அந்த முயற்சியை மதிப்பிட வந்தவர்களுக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. எந்தத் தேர்வை வைப்பது? இலக்கணத் தேர்வு வைத்தால் பழைய முறையில் படித்தவர்களுக்குச் சாதகம். காரியம் செய்யச் சொல்லும் தேர்வு வைத்தால் புதிய முறையில் படித்தவர்களுக்குச் சாதகம். பெரெட்டா, டேவிஸ் என்ற இருவரும் அதனால் இரண்டு வகைத் தேர்வையும் வைத்தார்கள். இரு சாராருக்கும் பொதுவான தேர்வுகளையும், சொல்வதைக் கேட்டு எழுதுவதையும், படித்துப் புரிந்துகொள்வதையும் சேர்த்து வைத்தார்கள். 1985-இல் முடிவு வெளிவந்தது. அவரவர் முறைக்கு ஏற்ற தேர்வில் அவரவர் பெரும்பாலும் முன்னே நின்றார்கள். இரு சாராருக்கும் பொதுவான தேர்வுகளில் புதிய முறைப் பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பறைகளே இப்படிக் கற்றுக்கொடுத்த பாடம் இது: எதை அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்று சொல்லவே முடியாது.

அண்மையில் நம் மாநிலமும் நல்ல சில அடிகளை எடுத்து வைத்திருக்கிறது. கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்ட வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறது. தமிழுக்கும் கணக்குக்கும் போலவே ஆங்கிலத்துக்கும் இது உண்டு. எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்காமல், உண்மையில் எந்த நிலையில் நிற்கிறாள் என்று பார்க்கும் முறை இது. வைடா ஆறு படியாகச் செய்ததை இங்கே தொடக்க வகுப்புக்கு மூன்று நிலையாகச் செய்திருக்கிறோம். இதைப் பத்தாம் வகுப்பு வரை நீட்டினால் என்ன? பேச்சையும் கேட்டலையும் அதில் சேர்த்தால் என்ன? அந்தப் படிகளைப் பக்கத்துப் புதுச்சேரியோடும் கேரளத்தோடும் உட்கார்ந்து வகுத்தால் என்ன?

இத்தனை பிள்ளைகளைத் தனித்தனியே அளக்க முடியுமா என்று கேட்கலாம். 2022 மார்ச்சில் நாடு முழுவதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அடிப்படைக் கற்றல் ஆய்வு ஒன்று நடந்தது. சுமார் 10,000 பள்ளிகளில் 86,000 பிள்ளைகளைத் தனித்தனியே உட்காரவைத்து, 20 மொழிகளில் படிக்கவைத்துக் கேட்டார்கள். தமிழுக்கு ஓர் அளவு, ஆங்கிலத்துக்கு ஓர் அளவு என்று ஒவ்வொரு மொழிக்கும் தனியாக நிர்ணயித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் வாயாலும் படிக்கக் கேட்டு அளப்பது பெரிய அளவிலும் முடியும் என்பதற்கு அது சான்று.

இங்கே ஓர் அச்சம் எழும் என்பதை அறிவேன். பொதுத் தரம், பொதுத் தேர்வு என்றாலே தமிழ்நாட்டில் பலருக்கு நெஞ்சு படபடக்கும். 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போன நாள் முதல் அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் கேட்பது மேலிருந்து இறங்கும் தேர்வை அல்ல. மாநிலங்கள் தாமாகக் கூடி, பாடநூலைத் தத்தம் கையில் வைத்துக்கொண்டு, அளவுகோலை மட்டும் பொதுவாக்கும் ஏற்பாட்டை. அதில் சேரவும் விலகவும் உரிமை வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. இந்த அளவை வைத்து எந்தப் பிள்ளையையும் தடுக்கக் கூடாது. எந்தப் பள்ளியையும் வரிசைப்படுத்தி அவமானப்படுத்தக் கூடாது. அளவின் பயன் ஒன்றே ஒன்று: இந்தப் பிள்ளைக்கு நாளை என்ன சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியருக்குக் காட்டுவது. தாய்மொழியில் நன்றாகப் படிக்கிற பிள்ளை இரண்டாம் மொழியை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தமிழ்ப் படிப்பின் அளவையும் கூடவே பார்க்க வேண்டும்.

நேயர்களே, மாநிலங்கள் கூடிப் பேச நாள் ஆகலாம். அதுவரை பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். என் பிள்ளை ஆங்கிலத்தில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டு அவளுக்குப் புரிகிறதா, நான்கு வாக்கியம் பேசுகிறாளா, பார்த்திராத ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்கிறாளா, தானாக ஒரு சிறு கடிதம் எழுதுகிறாளா என்று நான்கையும் கேளுங்கள். ஆசிரியரும் இந்தக் கேள்விகளுக்காகக் காத்திருக்கிறார். கோட்டக்குப்பத்துத் தாயும் முத்தியால்பேட்டைத் தாயும் இதே நான்கு கேள்விகளைக் கேட்கத் தொடங்கினால், இரண்டு அரசுகளும் ஒரே மேசைக்கு வந்தே ஆக வேண்டும்.