மறுத்த வீடுகள் சொன்ன காரணங்கள்

(கட்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



மருத்துவத் துறையில் எண்களுக்கு இருக்கும் மதிப்பு மக்களின் பேச்சுக்கு இருப்பதில்லை. மக்களோடு அமர்ந்து பேசி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, காரணங்களைக் கண்டறிவது பண்புசார் ஆய்வு. அதைக் "கதை கேட்பது" என ஒதுக்குவோர் இன்றும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் போலியோ ஒழிப்பு அனுபவத்தை அவர்கள் படிக்க வேண்டும்.

2002ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,600 பேரைப் போலியோ தாக்கியது. அவர்களில் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தினர். சொட்டு மருந்து கொடுக்க இயலாத வீடுகளின் சுவரில் ஊழியர்கள் சுண்ணக்கட்டியால் 'எக்ஸ்' குறி இட்டனர். குறிகளை எண்ண முடிந்தது; கதவு ஏன் சாத்தப்பட்டது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லவில்லை. அறியாமை, மதப்பிடிப்பு என்று சொல்லிவிடுவது அதிகாரிகளுக்கு எளிதாக இருந்தது.

மாநிலத்தின் மேற்குப் பகுதியில் தாய்மார்களிடம் பொறுமையாகப் பேசியபோது வேறு காரணங்கள் வெளிப்பட்டன. சாக்கடை அள்ளப்படுவதில்லை, மருத்துவமனையில் மருந்தில்லை, காய்ச்சலில் கிடந்தாலும் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தச் சொட்டு மருந்து மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வாசலுக்கு வருகிறது என்று அவர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி. அவசரநிலைக் காலக் கட்டாயக் கருத்தடையை மறக்காத மக்களிடையே, இது மலடாக்கும் மருந்து என்ற வதந்தி பரவியதில் வியப்பில்லை. பலமுறை கொடுத்தும் சில குழந்தைகளுக்கு நோய் வந்ததை அவர்கள் கண்டிருந்தனர். அங்கு ஒவ்வொரு தவணை மருந்தும் பிற மாநிலங்களைவிடக் குறைவாகவே பலனளித்தது என்பதைப் பின்னர் அளவுசார் ஆய்வுகளே உறுதிசெய்தன.

வேலைமுறை மாறியது. அதே தெருவில் வாழும் பெண்கள் வீடுவீடாகச் சென்று பேச அமர்த்தப்பட்டனர்; இமாம்களின் ஒத்துழைப்பு கோரப்பட்டது. 2009இல் உத்தரப் பிரதேசம், பீகாரின் 107 வட்டாரங்களில் குடிநீர், சுகாதாரம், தாய்ப்பால், வயிற்றுப்போக்குச் சிகிச்சை ஆகியவையும் திட்டத்தில் சேர்ந்தன. 2010இல் வந்த புதிய இருவகைச் சொட்டு மருந்துக்கும் பெரும் பங்குண்டு. கதவு திறக்காத வீட்டில் அது பயன்பட்டிராது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானதே நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ.

இன்று அத்தகைய பேச்சை அன்றாடம் கேட்பவர்கள் ஆஷா ஊழியர்கள். அவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தும் அரசு அவர்களைத் தன்னார்வலர்கள் என்றே அழைக்கிறது. ஊதியக் கோரிக்கையோடு, அவர்கள் கேட்டுவரும் காரணங்களை ஆரம்ப சுகாதார நிலையக் கூட்டங்களில் முதல் பொருளாக விவாதிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுப்பப்பட வேண்டும்.